மேலுரம் போட்ட கண்

என் வலது கண் கெட்டுப்போனதைக் கண்டுபிடித்த புண்ணியம் ஒரு மத்தி மீனைச் சேரும்.

கோட்டுச்சேரியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு செதில் தெறித்து இடது கண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. கையெல்லாம் கவிச்சி. புறங்கையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்று குரல் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சொம்போடு வந்து நின்றார். வலது கண்ணால் நிமிர்ந்து பார்த்தேன். காது இரண்டும் இருந்தன. தலையில் மிச்சமிருக்கிற முடியும் இருந்தது. மூக்கைக் காணோம். மூக்கும் மீசையும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"உங்க மூக்கு எங்கங்க?" என்றேன்.

"ஏன், காலையில சவரம் பண்றப்ப இங்கதான இருந்துச்சு" என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

செதிலைக் கழுவிவிட்டு இடது கண்ணைத் திறந்தால் மூக்கு திரும்பி வந்துவிட்டது. மறுபடி மூடினால் போய்விட்டது. சின்னப் பிள்ளை மாதிரி மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அரிவாள்மணையைப் பார்த்தபோது அதன் நேர் விளிம்பு நடுவில் நெளிந்து தெரிந்தது. அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. நல்ல கண் ஒன்று கூடவே இருந்ததால், கெட்ட கண் எத்தனை காலமாக என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிறந்தது பட்டினச்சேரி. கடலுக்குப் போகிற வீட்டுப் பெண். அவர் விழிதியூர்க்காரர், விவசாயக் குடும்பம், வேளாண்மைத் துறையில் வேலை பார்த்தவர். வயல் வயலாகப் போய் எந்த உரத்தை எப்போது போடுவது என்று சொல்லிக் கொடுப்பதுதான் அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பேருந்து ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தால்கூட "இவனுக்குத் தழைச்சத்து அதிகமாயிடுச்சு" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லுவார். என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் பெயர் சொல்வார், அதனால் என் பெயர் எனக்கே கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது.

இந்த மனிதருக்கு மீனில் முள் எடுக்கத் தெரியாது.

கல்யாணம் வரைக்கும் அவர் சாப்பிட்டதெல்லாம் வாய்க்காலில் பிடித்த விராலும் கெளுத்தியும். நடுமுள்ளை உருவினால் மிச்சமெல்லாம் சதை. எங்கள் கடல் மீனோ அப்படி மரியாதையாக நடந்துகொள்ளாது. மாப்பிள்ளை விருந்துக்கு என் அம்மா ஆசையாக உல்லம் வறுத்து வைத்தார்கள். ருசியில் அதை மிஞ்ச ஒரு மீன் கிடையாது, முள்ளிலும் கிடையாது. சதைக்குள் தலைமுடி மாதிரி கிளை விட்டுக் கிடக்கும். மாப்பிள்ளை அள்ளி வாயில் போட்டார். அப்புறம் வெறும் சோற்று உருண்டை, வாழைப்பழம், முதுகில் அடி என்று ஊரே கூடிவிட்டது. அன்றைக்கு மாலை என் அம்மா சொன்னார்கள்: "இனிமே இவருக்கு நீ எடுத்துக் குடு. இல்லன்னா எங்க மேல பழி வந்துடும்."

அன்றிலிருந்து அவர் தட்டுக்குப் போகிற மீன் என் விரல் வழியாகத்தான் போகும். எங்கள் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகுமுன்பே தாங்களாக முள் எடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இவர் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் நான் வைக்கவில்லை என்றும் சொல்லலாம். முள் எடுப்பது விரல் பாதி, கண் பாதி. ஒருவருக்காகத் தினமும் ஒரு வேலையைச் செய்து, அதில் அவர் உயிர் கொஞ்சம் தொங்குகிறது என்றால், அந்த வேலை மேல் ஒரு கர்வம் வந்துவிடுகிறது.

காரைக்காலில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண், பொறுமையானவர். கண்ணில் சொட்டு விட்டு, படம் எடுத்து, திரையில் காட்டினார். விழித்திரை ஆரஞ்சுப் பழ நிறத்தில் வட்டமாக இருந்தது. வலது கண்ணில் நடுவில் ஒரு வடு. இடது கண்ணில் வடு இல்லை. ஆனால் நடுவைச் சுற்றி மஞ்சளாகப் பொடிப் பொடிப் புள்ளிகள்.

"வயசானா சிலருக்கு நடுப்பார்வை தேஞ்சுக்கிட்டே போகும்மா. வலது கண்ணுல போனது திரும்பாது. இடது கண்ணு நடுக்கட்டத்துல இருக்கு. இதைக் காப்பாத்தப் பார்ப்போம். நிறுத்திடுவேன்னு சொல்ல மாட்டேன், வேகத்தைக் குறைக்கலாம்" என்றார்.

பிறகு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதில் கொஞ்சம் வைட்டமின், கீரையில் இருக்கிற நிறச்சத்து, துத்தநாகம். உடம்பில் துத்தநாகம் சேர்ந்திருக்கிற இடங்களில் கண்ணும் ஒன்றாம். "கூடவே கொஞ்சம் செம்பும் சேர்த்திருக்காங்க" என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கீரை, முட்டை, எள்ளு, சின்ன மீன், நண்டு எல்லாம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு நண்டு சாப்பிடச் சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

கட்டம் போட்ட ஒரு தாளும் கொடுத்தார். நடுவில் ஒரு புள்ளி. தினமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்க்க வேண்டும். இடது கண்ணுக்குக் கோடு நெளிந்தால் உடனே ஓடி வர வேண்டும். அதைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டினோம். காப்பி குடிக்குமுன் அதன் முன்னால் போய் நிற்பேன். அவர் பக்கத்தில் தேர்வு மேற்பார்வையாளர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "கோடு நேரா இருக்கா?" "இருக்குங்க." "காப்பி குடி." வாழ்நாள் முழுக்கக் கணக்கு நோட்டில் கோடு நேராகப் போடச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டினவளுக்குச் சரியான தண்டனை.

எனக்குப் பேப்பர் படிக்க முடியாமல் போய்விடுமோ என்ற கவலை இருந்தது. ஆனால் பேப்பர் இல்லாவிட்டால் வானொலி செய்தி படிக்கும். முள்ளை யார் எடுப்பார்கள்? இடது கண்ணும் போனால் இவர் மீனே தொடாமல் இருந்துவிடுவார், அதைவிட மோசம், எனக்குத் தெரியாமல் தொட்டுவிடுவார். ராத்திரியில் புரண்டு படுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான்.

அவருக்கோ வேறு நினைப்பு. டாக்டர் திரையில் காட்டிய புள்ளிகளை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறாராம். எங்கே? நெல் வயலில்.

"டீச்சர், மண்ணுல துத்தநாகம் கொறஞ்சா நடவு நட்ட பயிரு என்ன பண்ணும் தெரியுமா? அடி இலையில துரு நெறத்துல புள்ளி புள்ளியா விழும். வளராம நிக்கும். ஜிங்க் சல்பேட்ட மணல்ல கலந்து வீசுனா பத்து நாள்ல பச்சை கட்டும். அந்தப் படத்துல பார்த்தது அச்சு அசல் அதே புள்ளி."

"நான் என்ன நாத்தா?"

"உயிருன்னா எல்லாம் ஒண்ணுதான். டாக்டர் குடுக்கறது அடியுரம். அது பத்தாது. மேலுரம் நாமதான் போடணும்."

கொரோனா காலத்தில் ஊரே துத்தநாக மாத்திரை சாப்பிட்டது நினைவிருக்கும். அதன் பெயர் அவருக்கு மனப்பாடம். மருந்துக் கடையில் கேட்டார், கொடுத்துவிட்டார்கள். காலையில் டாக்டர் மாத்திரை, மத்தியானம் ஒரு மேலுரம், ராத்திரி ஒரு மேலுரம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கண்ணைக் காப்பது துத்தநாகம் என்றால் இன்னும் கொஞ்சம் காத்துவிட்டுப் போகட்டுமே! டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் ஊருக்கே உரம் சொன்னவர் வீட்டில் இருக்கும்போது வெளியே போய்க் கேட்பது அவமரியாதை மாதிரி இருந்தது.

முதலில் குமட்டல் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடச் சொன்னார், அது கொஞ்சம் அடங்கியது. பிறகு வாயில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டிருப்பது போல ஒரு ருசி. "சத்து உள்ள எறங்குது" என்றார். மாதங்கள் போயின. மாடியில் துணி காயப்போட ஏறினால் நடுப்படியில் மூச்சு வாங்கியது. மேலே போய்ச் சேர்ந்ததும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வயலைப் பார்ப்பது போல நடித்துக்கொண்டு நிற்பேன். முகம் வெளுத்துவிட்டதாக மீன்கார அக்கா சொன்னார். "நெறம் வந்துருக்கு" என்று இவர் சந்தோஷப்பட்டார்.

ஒருநாள் காலையில் கட்டத்தின் முன் நின்றபோது இடது கண்ணுக்கு எல்லாம் புகை மூட்டம் போட்டது போல இருந்தது. "கோடு நேரா இருக்கா?" என்றார். "நேரா இருக்குங்க" என்றேன். கோடு நேராகத்தான் இருந்தது. புகையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் மீன்கார அக்கா உல்லம் கொண்டுவந்தார். இனி இரண்டு மாதத்துக்குப் பெரிய படகு கடலுக்குப் போகாது என்பதால் ஆசைப்பட்டு வாங்கிவிட்டேன். வறுத்து, உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு, எப்போதும் எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்து முள் நீக்கி அவர் தட்டில் வைத்தேன். அவர் மெதுவாக மென்று சாப்பிட்டார். ஒருதரம் லேசாக இருமினார். "காரம்" என்றார். தண்ணீர் குடித்தார். "இன்னிக்கு மீன் தேவாமிர்தம்" என்றும் சொன்னார்.

தட்டைக் கழுவ எடுத்துப்போனேன். ஓரத்தில் ஒதுக்கி வைத்த கறிவேப்பிலை ஒன்று சரிந்தது. அதன் அடியில் மூன்று முள் கிடந்தன. பக்கத்தில் பக்கத்தில், யார் கண்ணிலும் படாதபடி படுக்க வைத்திருந்தார்.

குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது. அவர் பின்னால் வந்து நின்றார். நான் திரும்பாமலே எல்லாவற்றையும் சொன்னேன். புகை, மூச்சு, மாடிப்படி, எல்லாம்.

"நாளைக்குக் காலையில மொத பஸ்ல போறோம்" என்றார். என் பெயரைச் சொன்னார். கோபத்தில் இல்லை.

டாக்டர் முதலில் விழித்திரையைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "உள்ள எந்த மாத்தமும் இல்லம்மா, போன தடவ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றார். நான் மூச்சை விடுவதற்குள் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "ஆனா ரத்தமே இல்லையே" என்றார். ரத்தப் பரிசோதனை. அடுத்த அறையில் இருந்த பொது மருத்துவரோடு நெடுநேரம் பேசினார். இரும்புச் சத்து சரியாக இருந்ததாம். இருந்தும் ரத்தம் குறைந்திருந்தது. அதுதான் அவர்களுக்குப் புரியவில்லை.

"நான் குடுத்ததைத் தவிர வேற எதாவது சாப்பிடறீங்களா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த கண் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடியுரம், மேலுரம், துரு நிறப் புள்ளி, மணலில் கலந்து வீசுவது வரைக்கும் ஒன்றும் விடாமல் ஒப்புக்கொண்டார். டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"ஐயா, துத்தநாகமும் செம்பும் குடல்ல ஒரே வாசல் வழியாத்தான் உள்ள போகணும்னு வச்சுக்குங்க. துத்தநாகம் கூட்டமா வந்து அடைச்சுக்கிட்டா செம்புக்கு வழி கெடைக்காது. செம்பு இல்லன்னா இரும்பு இருந்தாலும் ரத்தம் ஊறாது. அதுக்குத்தான் அந்த மாத்திரையில செம்பையும் அளவாச் சேர்த்து வச்சிருக்காங்க. நீங்க மேல மேல துத்தநாகத்தக் கொட்டிட்டீங்க."

அவர் முகம் மாறிய விதத்தை நான் மறக்கவே மாட்டேன். வாய் மெதுவாகத் திறந்தது.

"டி.ஏ.பி.யும் ஜிங்க்கும்" என்றார்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவருக்கே அது புரியும். 'டி.ஏ.பி. உரத்தையும் ஜிங்க் சல்பேட்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க, ஒண்ணு இன்னொண்ண உள்ள விடாது' என்பது அவர் உத்தியோகம் முழுக்க ஊர் ஊராகக் கத்திக்கொண்டு திரிந்த பாடம். தூக்கத்தில்கூட அதைச் சொல்லுவார். அந்த மனிதர்தான் என் வயிற்றில் இந்த வேலையைச் செய்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன். கண் போகவில்லை, ரத்தம்தான் போயிருக்கிறது, அது ஊறிவிடும் என்ற ஆனந்தம் ஒரு பக்கம். அவர் முகம் ஒரு பக்கம்.

மேலுரம் அன்றோடு நின்றது. செம்புக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்த மாத்திரையையும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, ரத்தம் ஏறத் தொடங்கியதைப் பார்த்த பிறகுதான் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் வயல். ஒரு வயலைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்தப் பயிருக்கு என்னங்க, மஞ்சளா இருக்கு?" என்று கேட்டேன். "எனக்கு என்ன தெரியும், டாக்டரக் கேளு" என்றார்.

தடைக்காலம் முழுக்க முட்டையும் கீரையும் எள்ளுருண்டையுமாகப் போயிற்று. வாயிலிருந்த சாவிக்கொத்து ருசி போனது. காப்பி மறுபடி காப்பியானது. மாடிப்படி சமதரை போல ஆனது. இடது கண்ணில் புகை மெல்லக் கலைந்தது. களைப்பும் கண் வறட்சியும் சேர்ந்து செய்த வேலைதான் அது என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து முடித்ததும், "இப்போதைக்கு நல்லா இருக்கு" என்றுதான் சொல்லுவார். அந்த 'இப்போதைக்கு' நாங்கள் இருவரும் காதில் வாங்கிக்கொள்வோம், பேச மாட்டோம்.

தடை முடிந்து படகுகள் கரைக்கு வந்த அன்று மீன்கார அக்கா வாசலில் கூடையை இறக்கினார். உல்லம். நான் யோசிப்பதற்குள் இவர் வாங்கிவிட்டார். வறுத்து வைத்ததும் வழக்கம்போல் அவர் தட்டை என் பக்கம் இழுத்தேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு நான் எடுக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாதுங்க."

"இப்பவே கத்துக்கறேன். உனக்குக் கண்ணு நல்லா இருக்கறப்பவே கத்துக்கிட்டாதான் நீ தப்பு சொல்லித் திருத்த முடியும்."

தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்றங்காலில் களை எடுப்பவர் போலக் குனிந்து உட்கார்ந்துகொண்டார். மீன் ஆறியது, சோறு ஆறியது, ரசம் ஆறியது. சதையை உப்புமா மாதிரி உதிர்த்துவிட்டார். வியர்த்துவிட்டது. கடைசியில் ஒரு கைப்பிடி எடுத்துத் தன் தட்டில் வைக்காமல் என் தட்டில் வைத்தார். கல்யாணமானதிலிருந்து எனக்கு யாரும் முள் எடுத்துக் கொடுத்ததில்லை. 

குனிந்து பார்த்தேன். வெள்ளைச் சதைக்குள் வெள்ளையாக, முடியைவிட மெல்லிசாக, ஒரு முள். இடது கண்ணை மூடிப் பார்த்தேன். முள், மீன், பாதித் தட்டு எல்லாம் திட்டுக்குள் போய்விட்டன. திறந்தேன். அங்கேயே இருந்தது, அதன் கிளைகூடத் தெரிந்தது. அதை மாதிரி அழகான ஒரு பொருளை நான் சமீபத்தில் பார்க்கவில்லை.

"முள்ளு ஏதும் இருக்கா?" என்றார்.

"ஒண்ணும் இல்லங்க. தேவாமிர்தம்" என்றேன். அவர் ரசத்துக்குக் கை நீட்டிய சமயம் பார்த்து அதை எடுத்துக் கறிவேப்பிலைக்குக் கீழே படுக்க வைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டு கழுவுவதும் தன் வேலை என்று சொல்லி எடுத்துப்போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. கறிவேப்பிலையை நகர்த்தியிருப்பார். கோபித்துக்கொண்டாரோ என்று எழுந்திருக்கப்போனேன். ஈரக் கையோடு அவரே வந்தார், விரல் நுனியில் அந்த முள்ளைப் பிடித்தபடி. அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டீச்சர்! இது உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

அவர் அப்படியே என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். முள்ளை இன்னும் கீழே போடவில்லை.